புதுப்பிப்பு: கொள்ளிடக் கரையில் இரவு தங்க எடை குறைந்த படுக்கை

தை மாதத்தில் அணைக்கரைப் பக்கம் கொள்ளிடக் கரையில் படுக்க, சைக்கிளில் கட்டும்படி 3 கிலோவுக்குள் என்ன எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய்ப் படுத்துவிட்டு வந்தாயிற்று.

கைகொடுத்தது, நீர் உறிஞ்சாத ஃபோம் விரிப்பு. அரைக் கிலோதான். கரையெங்கும் நெருஞ்சி, காற்றடைத்த மெத்தை பாதி இரவைத் தாண்டியிருக்காது. ஒற்றை ஆள் கொசுவலையின் ஓரத்தை விரிப்புக்கு அடியில் செருகிக்கொண்டேன். போர்த்திக்கொள்ள பருத்திப் போர்வை போதும்.

ஹேமக் (இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை) எடுக்கச் சொன்ன அண்ணன் கோபிக்க வேண்டாம். அங்கே மூங்கிலும் நாணலும்தான். வாகான இடைவெளியில் இரண்டு மரம் அமையவில்லை. மெல்லிய துணியென்றால் கொசு அடியிலிருந்தே கடித்துவிடும்.

எதிர்பாராதது பனி. மழைக்கென்று எடுத்த தார்ப்பாய் இதற்குத்தான் உதவியது. வானம் தெளிந்திருந்தால் திறந்தவெளிப் பொருள்கள் விரைவில் குளிர்ந்து, காற்றின் ஈரம் அவற்றில் படிகிறது. விடியலில் வெளியே நின்ற சைக்கிள் இருக்கையைத் துடைத்தேன், துண்டைப் பிழியவேண்டியிருந்தது. போர்வையில் ஈரமில்லை. தார்ப்பாயை மிகத் தாழ்வாகக் கட்டினால் உள்பக்கமும் வியர்க்கும். இடுப்புயரத்தில், இருபுறமும் காற்றோட விட்டுக் கட்டுங்கள்.

ஆற்றுக்குள் மணல்திட்டில் மட்டும் படுக்காதீர்கள். மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை; உபரி நீர் கொள்ளிடத்தில்தான் வரும்.