மைக்ரன்ட் ட்ராப்: தமிழில் என்ன போடலாம்?
(பேசுவோர் அவரவர் ஊர்ப் பெயரால்)

களுவாஞ்சிக்குடி:
தரம் 10 பறவை அவதானிப்புக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அமெரிக்காவின் நெவாடாவில் 1936இல் அமைத்த பாலைவன வனவிலங்குப் புகலிடம் பற்றி ஒரு பாடம். அங்குள்ள கோர்ன் கிரீக் ஊற்றை 'மைக்ரன்ட் ட்ராப்' (migrant trap) என்கிறார்கள். வலசை போகையில், அதாவது பருவத்துக்கு இடம்பெயர்கையில், இரவு முழுக்கப் பறந்த சிறு பறவைக்கு விடியும்போது கீழே காய்ந்த நிலம்தான். ஊற்றடியில் மட்டும் மரம். எல்லாம் அங்கேயே இறங்கும். 'வலசைப் பொறி' சரியா?

கல்முனை:
பொறி வேண்டாம். எலிப்பொறிதான் ஞாபகம் வரும், வலைபோட்டுப் பிடிக்கிற இடம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பறவை அங்கே அகப்படுவதில்லை. பூச்சி தின்று, உடம்பில் கொழுப்பு ஏறியதும் ஓர் இரவு கிளம்பிவிடும். 'இறங்குதுறை' என்போம். குருமண்வெளித் துறை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதானே.

மட்டக்களப்பு:
துறையில் நீர்வழி வந்தவர் நிலத்தில் ஏறுவார். இங்கே வறண்ட நிலம் கடந்து நீருக்கு வருகிறது; தலைகீழ். 'புள்ளொதுக்கு' பாருங்கள்; புள் என்றால் பறவை. அங்கே வழிதவறி வரும் பறவைக்கும் சொல் இருக்கிறது: வம்பப் புள். குறுந்தொகை 66இல் 'வம்ப மாரி' காலமல்லாத மழை. 'பாலைவனம்' என்பதையும் யோசியுங்கள். சிலப்பதிகாரப் பாலை முல்லையும் குறிஞ்சியும் திரிந்து வருவது. நெவாடாவோ என்றைக்கும் வறண்டது.

அக்கரைப்பற்று:
ஐயா, 'வம்பு' என்றால் பிள்ளைகளுக்குச் சண்டைதான். 'புள்' பரீட்சைக்கு மட்டும். சொல்லைக் கேட்டதும் எங்கே, எப்படி நிற்பது என்று விளங்க வேண்டும். சூரியன் உதித்து முதல் இரண்டு, மூன்று மணித்தியாலம்தான் நல்ல நேரம். வெயில் முதலில் படும் கிளையில் பூச்சி அசையும், பறவையும் அங்கேதான். சூரியனை முதுகில் வைத்து நில்லுங்கள். வெயில் ஏறினால் கானல் எழும்பித் தொலைநோக்கியில் உருவம் நடுங்கும். பிறகு 8×42 (எட்டு மடங்கு பெருக்கும், 42 மி.மீ. வில்லையுள்ள) இருகண்ணோக்கியால் கிட்டவுள்ள நிழலைப் பார்க்கலாம். நீரோரம் நடந்து பறவையை எழுப்பிவிட்டால் அதற்கு ஒதுங்க வேறு மரம் இல்லை, சேர்த்த பலம் வீணாகும். மழைக்கு ஒதுங்குகிறோமே, வேறு வழியில்லை என்ற பொருள் அதிலேயே உண்டு. ஆகவே 'வலசை ஒதுங்கிடம்'.

களுவாஞ்சிக்குடி:
உள்ளூர் உதாரணமாகக் குமண வில்லுவை, அந்தச் சதுப்பு ஏரியை, போடலாமா?

அக்கரைப்பற்று:
கூடாது. குமணவில் சுற்றிலும் காடு, பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றிலும் வெறுமை இருந்தால்தான் ஒதுங்கிடம். பிழையான உதாரணம் போட்டால் சொல்லே பிழையாகிவிடும்.

மட்டக்களப்பு:
புள் போகட்டும். பொறிக்கு இது மேல்.

களுவாஞ்சிக்குடி:
அப்படியானால் 'வலசை ஒதுங்கிடம்', வம்பப் புள்ளுக்குத் 'தடம் மாறிய பறவை'. பாலைவனம் அப்படியே இருக்கட்டும். இன்றிரவு அனுப்புகிறேன்.

கல்முனை:
ஊரில் 'ஒதுங்கப் போறது' என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கடைசி வாங்கில் சிரிப்பு எழும்பினால் அந்தப் பாடம் அன்றைக்கு முடிந்தது. என் வாக்கு இறங்குதுறைக்குத்தான், அடுத்த பதிப்புக்கும்.