இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் எடேல் ஊர், கிண்டர் மலைப் பக்கம் ஓடும்போது எதிர்ப்பட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

ஞாயிறு ரயில்:
எடேல் ஸ்டேஷனில் இறங்கி, அப்பர் பூத் தாண்டி ஜேக்கப்ஸ் லேடர் ஏறி, கிண்டர் லோ, டவுன்ஃபால் அருவி, அப்புறம் கிரைண்ட்ஸ்ப்ரூக்கில் இறங்கும் சுற்று. இங்கே எல்லாரும் ஓடியதுதான், அதனால் வழியை விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது ஒரு முயலைப் பற்றி.

ஜனவரி மாதம். பனி ஒரு பொட்டுகூட விழவில்லை, மேலே எல்லாம் கருப்பும் பழுப்பும்தான். மேகம் தரையோடு படிந்து கிடந்தது. கிண்டர் லோ ட்ரிக் பாயின்ட்டை, அந்த நில அளவைத் தூணைத் தேடிப் பாறைகளுக்கு நடுவே போனால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை. எவனோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான், எடுத்துப் பையில் திணிப்போம் என்று குனிந்தேன். பைக்குக் கண் இருந்தது.

மலை முயல். உடம்பெல்லாம் வெள்ளை, காது நுனி மட்டும் கருப்பு. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அது ஓடவில்லை. நானும் குனிந்தது குனிந்தபடி நின்றேன். வாட்ச் கிலோமீட்டர் கணக்குக்கு பீப் அடித்தது, அதற்கும் அசையவில்லை. கடைசியில் நான்தான் பின்னாலேயே நகர்ந்து போனேன். காயம் பட்டிருந்ததா, குளிரில் விறைத்திருந்ததா, ஒன்றும் தெரியாது. இங்கிலாந்திலேயே இந்த முயல் இந்தப் பீக் மாவட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தது சரியா என்று இன்னும் உறுத்துகிறது. யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

மாட்டுக்காரர் பேத்தி:
எனக்கு முயல் இல்லை, பசு. அப்பர் பூத்துக்கு முந்தைய வயல்கள், மே மாதம், கன்றுகளோடு நிற்கும். ஊரில் தாத்தா வீட்டில் மாட்டுக்கு நடுவே வளர்ந்தவள் நான், மாடு எனக்குப் புதிதில்லை. கேட்டைத் திறந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, வேலி ஓரமாக நடந்துதான் போனேன். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நான் போகவே இல்லை. கன்றுதான் தேடி வந்து என் கையில் இருந்த வியர்வை உப்பை நக்கியது. நிமிர்ந்து பார்க்கிறேன், தாய் எதிரே நிற்கிறது. தலை தாழ்ந்திருக்கிறது. மூச்சு என் வயிற்றில் சுடுகிறது.

“ம்மா, ம்மா, போம்மா” என்று என் வாய் தானாகச் சொல்லிற்று, தாத்தா கூப்பிடுகிற அதே ராகத்தில். டார்பிஷயர் மாட்டுக்குத் தமிழ் எப்படிப் புரியும்? கன்றை மூக்கால் ஒரு இடி இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்த வயலை இப்போது சுற்றித்தான் போகிறேன். அறிவுரை வேண்டாம், சும்மா சொன்னேன்.

காம்பஸ்:
@ஞாயிறு ரயில் முயலை விடுங்கள் சகோ. மேகத்துக்குள் தனியாகக் கிண்டர் மேட்டில் நின்றேன் என்கிறீர்கள், கையில் வரைபடம் இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. 636 மீட்டர் தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். உயரத்தில் அங்கே ஆபத்து இல்லை, உச்சி என்று ஒன்று இல்லாததில்தான் ஆபத்து. மேலே எல்லாம் சமதளம், ஆளை மறைக்கும் ஆழத்துக்குப் பீட் மண் பள்ளங்கள். ஒன்றில் இறங்கி ஏறினால் எந்தத் திசையில் வந்தோம் என்பது மறந்துவிடும்.

ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்1, டார்க் பீக் வரைபடம், 1:25,000. வாங்கிப் பையில் வையுங்கள். காம்பஸ் வையுங்கள், அதைப் பார்த்து நேர்கோட்டில் ஓடத் தெளிவான நாளில் பழகுங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். தலை முதல் கால் வரை மழை தாங்கும் உடை, தொப்பி, கையுறை, அவசரத்துக்குச் சாப்பாடு, விசில். பல மலை ஓட்டப் பந்தயங்களில் இவை இல்லாமல் கோட்டில் நிற்கவே விடமாட்டார்கள். பந்தயமில்லாத நாளில் மட்டும் மலை இளகிவிடுமா? ஆபத்து என்றால் 999, முதலில் போலீஸ், அப்புறம் ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று கேட்க வேண்டும். பேச சிக்னல் போதாத இடத்தில் 999க்கு எஸ்எம்எஸ் போகலாம், ஆனால் அந்த எண்ணை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்யுங்கள். விசில் என்றால் நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று ஊதிப் பதில் தர வேண்டும்.

@மாட்டுக்காரர் பேத்தி மாடு துரத்தினால் ஓடக் கூடாது. நாய் கூட இருந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும், அது தப்பித்துக்கொள்ளும். பால் இனக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டது என்றால் பொதுவழி போகும் வயலில் விடவே சட்டம் அனுமதிக்காது. இறைச்சி இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம்.

என் அனுபவம்: ஏப்ரல் கடைசியில், டவுன்ஃபாலுக்குக் கிழக்கே, மேகத்துக்குள் விசில் கேட்டேன். ஆறு. மூன்று ஊதிப் பதில் கொடுத்தேன். போய்த் தேடினேன், யாரும் இல்லை.

மாட்டுக்காரர் பேத்தி:
அறிவுரை வேண்டாம் என்று தமிழில்தான் எழுதினேன். என்னிடம் நாயும் கிடையாது.
ஆனால் அந்த விசில் கதையை இப்படி இரண்டு வரியில் முடித்தால் எப்படி அண்ணா?

யாழ் லீட்ஸ்:
எங்களுடையது கிண்டரில் இல்லை, எதிர்ப்பக்கம், ஹாலின்ஸ் கிராஸிலிருந்து மாம் டோர் போகிற மேட்டில். நவம்பர், நல்ல குளிர். விடியவே காசில்டனில் காரை விட்டுவிட்டு நானும் இவரும் வெளிக்கிட்டோம். மேலே ஏறினால் எங்களுக்குப் பின்னால் வெயில், முன்னால் எடேல் பள்ளத்தாக்கு முழுக்கப் புகார் மூட்டம். ஊரும் இல்லை, ரயில் பாதையும் இல்லை, ஒரே வெள்ளை.

அந்த வெள்ளையில் இரண்டு கறுத்த உருவம் நிற்குது. ஒவ்வொன்றும் பனை உயரம். நான் கையைத் தூக்க அதுவும் தூக்குது. எங்கட நிழல்தான், அதைத்தான் ப்ரொக்கன் ஸ்பெக்டர் என்கிறார்கள். நிழலின் தலையைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் வேறு. நான் கத்தினேன், “இங்க பாருங்கோ, என்ர தலையைச் சுற்றி வட்டம்!” இவர் சொல்கிறார், “உமக்கு இல்லை, எனக்குத்தான்.” மற்றவர் பகிடி விடுகிறார் என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம். நான் இவர் நிழலைப் பார்க்கிறேன், வெறும் கறுப்பு. பிறகு இவர் எடுத்த படத்தைப் பார்த்தால் வட்டம் இவருக்கு. என் போனில் எனக்கு.

காரணம் பிறகுதான் விளங்கினது. புகாரின் நீர்த்துளியில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறதால், அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் வட்டம் தெரியும். பக்கத்தில் தோளோடு தோள் நின்றாலும் மற்றவருடையது தெரியாது. விளக்கம் எல்லாம் சரி. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு, ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, ஆளுக்கு ஆள் பொய் என்று சண்டை பிடித்தோமே, அதுதான் இன்னும் மனதில் கிடக்கு.

ஈர சாக்ஸ்:
டவுன்ஃபால் பற்றி யாரும் எழுதவில்லையே. முப்பது மீட்டர் அருவி, ஆனால் மேற்கிலிருந்து காற்று அடித்தால் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கி வரும். படத்தில் பார்த்திருக்கிறேன், நம்பியதில்லை. அன்றைக்கு ஜனவரி. விளிம்புக்கு வந்தால் மழை கீழேயிருந்து முகத்தில் அடிக்கிறது. ஒரு பாறைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

ஸ்பைன் பந்தயம் அதே நாள் என்பது எனக்கு நினைவில்லை. பெரிய மூட்டையோடு ஒரு அம்மா வந்தார், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மேலே பறக்கும் தண்ணீரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஸ்கீ கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டு, பாதி சாஸேஜ் ரோலை நீட்டினார். எதுவரை போகிறீர்கள் என்றேன். “ஸ்காட்லாந்து,” என்றார், பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் மாதிரி. பென்னைன் வே என்கிற நெடும்பாதை முழுவதும், எடேலிலிருந்து கர்க் யெத்தம் வரை 268 மைல், குளிர்காலத்தில். எனக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டர்கூட மிச்சமில்லை, அவர் சாப்பாட்டில் பாதி என் வாயில். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

2019இல் ஜாஸ்மின் பாரிஸ் இதே பந்தயத்தை 83 மணி 12 நிமிடத்தில் ஓடி ஆண்களையும் சேர்த்து முதலாவதாக வந்தார். கைக்குழந்தைக்காக நடுவே நிறுத்தும் இடங்களில் பால் எடுத்துக்கொடுத்தபடி ஓடினார். அதைச் செய்தியில் படித்தபோது ஆச்சரியப்பட்டேன், அவ்வளவுதான். சாஸேஜ் ரோல்தான் மறக்க மாட்டேன் என்கிறது.

பறவை பார்ப்பவன்:
முயலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நிம்மதியாகத் தூங்குங்கள். பள்ளத்தில் ஒடுங்கி அசையாமல் உட்கார்வதுதான் அதன் தற்காப்பு. ஸ்காட்லாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட இனம் அது. குளிர்காலத்துக்கு ரோமம் வெளுத்துவிடும், பனிதான் சொன்னபடி வருவதில்லை. தன்னை யாருக்கும் தெரியவில்லை என்று அது நம்பிக்கொண்டிருந்திருக்கும்.

@காம்பஸ் ஏப்ரல் கடைசி என்றால் உங்கள் விசில் கோல்டன் ப்ளோவர் பறவை. கூடு கட்டும் காலத்தில் ஆள் நெருங்கினால் ஒற்றைச் சுரத்தில், சோகமாக, விட்டு விட்டு ஊதும். மேகத்துக்குள் கேட்டால் மனிதர் மாதிரியேதான் இருக்கும். தயவுசெய்து அந்த மாதங்களில் பாதையை விட்டு இறங்கித் தேடாதீர்கள், முட்டை தரையில்தான் கிடக்கும்.

ஈர சாக்ஸ்:
2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எங்கும் நடக்கலாம் என்று திறந்துவிட்ட நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து இதே கிண்டருக்குத் தடையை மீறி ஏறிய கூட்டத்தில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பாதையிலேயே நில் என்று இப்போது நீங்களும் சொன்னால் எப்படி?

பறவை பார்ப்பவன்:
உரிமை இல்லை என்று எங்கே சொன்னேன்? முட்டையை மிதிக்காதீர்கள் என்றேன்.

காம்பஸ்:
ப்ளோவர் எண்ணாது. ஆறு, நிறுத்தம், மறுபடி ஆறு. என் வாட்சில் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கீழே இறங்கி 999 அழைத்தும் சொன்னேன், காணோம் என்று யாரையும் பற்றி அன்று தகவல் இல்லை. நான் சத்தம் வந்த பக்கம் ஒரு மணி நேரம் சுற்றினேன்.

மாட்டுக்காரர் பேத்தி:
நீங்கள் மூன்று ஊதிய பிறகு அது நின்றதா, தொடர்ந்ததா?

காம்பஸ்:
கொஞ்ச நேரம் தொடர்ந்தது. அப்புறம் நின்றது. பதில் கேட்டதால் நிறுத்தினார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பறவை பார்ப்பவன்:
அல்லது நீங்கள் கூட்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

காம்பஸ்:
ஆறு என்று எண்ணியது நான், நீங்கள் இல்லை.