காஃப்கா ஸ்ட்ரீம்ஸில் மின் மீட்டர் செய்திகளைச் சரிபார்க்கும் கிளாஸ்களை எப்படி அமைப்பது?

ஊசல் கேட்டது:

வணக்கம். ஸ்மார்ட் மின் மீட்டர்கள் அனுப்பும் செய்திகளை ஒரு டாபிக்கிலிருந்து (காஃப்காவில் செய்திகள் சேரும் தடம்) எடுத்து, சரிபார்த்து, பில்லிங் பிரிவுக்கு அனுப்பும் பயன்பாடு ஒன்றை ஜாவா 21, காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் 3.9 (காஃப்காவில் வரும் செய்திகளைத் தொடர்ந்து செயலாக்கும் ஜாவா நூலகம்) ஆகியவற்றில் எழுதி வருகிறோம். ஒவ்வொரு மீட்டரும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் அனுப்பும். மூடி திறக்கப்பட்டாலோ காந்தம் வைக்கப்பட்டாலோ அதற்கெனத் தனிச் செய்தி வரும்.

இப்போது ‘மீட்டர் செய்தி’ என்றோர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும், அதில் ‘சரிபார்’ என்றொரு மெத்தடும் உள்ளன. ஒருமுனை, மும்முனை, சோலார் இணைப்பு என ஒவ்வொரு வகைக்கும் ஒரு துணைக் கிளாஸ் இருக்கிறது. அது தாய்க் கிளாஸின் சரிபார்ப்பை அழைத்துவிட்டுத் தன் விதிகளையும் பார்க்கிறது. பிழை இருந்தால் எக்ஸெப்ஷன் எறிகிறது. இதில் இரண்டு தொல்லைகள். தவறான ஒரே செய்தி வந்தாலும் பயன்பாடு நின்றுவிடுகிறது. அதோடு, மும்முனையும் சோலாரும் சேர்ந்த மீட்டரை எந்தக் கிளாஸின் கீழ் வைப்பது என்பதும் தெளிவாக இல்லை. விதிகள் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா? ‘இப்போதைய ரீடிங் முந்தைய ரீடிங்கைவிடக் குறையக் கூடாது’ என்பது போன்ற விதியை எங்கே வைப்பது?

நெய்தல் பதில்:

இரண்டு தொல்லைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தன்னைத் தானே சரிபார்க்கும் பொறுப்பைச் செய்தியிடம் கொடுத்திருக்கிறீர்கள். திரையில் ஒரு படிவத்தை நிரப்பும் பயனருக்கு எக்ஸெப்ஷன் எறிவதில் பொருள் உண்டு, ஏனெனில் அவர் திருத்தி மீண்டும் அனுப்புவார். ஸ்ட்ரீமில் திருத்துவதற்கு யாரும் இல்லை. கையாளப்படாத எக்ஸெப்ஷன் வந்தால் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் இயல்பாகவே அந்தப் பயன்பாட்டு இன்ஸ்டன்ஸை நிறுத்திவிடும். 2.8இலிருந்து கிடைக்கும் கையாளியில் ‘த்ரெடை மாற்று’ என்று சொல்லிவைத்தாலும் பயனில்லை. ஆஃப்செட் (எதுவரை படித்தோம் என்று காட்டும் எண்) கமிட் ஆகாததால் புதிய த்ரெடும் அதே செய்தியைப் படித்து அதே இடத்தில் விழும்.

ஆகவே, பிழையுள்ள செய்தியை எக்ஸெப்ஷனாகப் பார்க்காமல் எதிர்பார்த்த விளைவுகளுள் ஒன்றாகப் பாருங்கள். ‘சரிபார்ப்பு முடிவு’ என்றொரு ஸீல்ட் இன்டர்ஃபேஸ் (எந்தெந்த வகைகள் தன்கீழ் வரலாம் என்று முன்பே வரையறுத்தது) வைத்து, அதன்கீழ் ‘ஏற்பு’, ‘நிறுத்திவைப்பு’, ‘நிராகரிப்பு’ என மூன்று ரெக்கார்ட்கள் (தரவை மட்டும் தாங்கும் எளிய கிளாஸ்கள்) வையுங்கள். ஜாவா 21இல் இதன்மேல் ஸ்விட்ச் எழுதினால், மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் கம்பைலரே நிறுத்திவிடும். பிறகு ‘ஸ்ப்ளிட்’ கொண்டு மூன்று டாபிக்குகளுக்குப் பிரித்துவிடலாம். நடுவில் உள்ள நிறுத்திவைப்பைத் தேவையற்றது என்று தள்ளிவிடாதீர்கள்; மீட்டர் மாற்றப்பட்டு ரீடிங் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அது பிழையான செய்தி அன்று, மாற்றிய விவரம் இன்னும் நம் பட்டியலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, விதி. ‘விதி’ என்பது ஒரே மெத்தட் உடைய இன்டர்ஃபேஸ்: செய்தியை வாங்கும், மீறல்களின் பட்டியலைத் தரும், வேறு எதையும் தொடாது. பல விதிகளைச் சேர்த்தாலும் கிடைப்பது இன்னொரு விதியே (காம்போசிட் வடிவத்தின் பயன் இங்கேதான் தெரியும்). மும்முனை மீட்டருக்கு மூன்று மின்னழுத்த அளவுகளைப் பார்க்கும் விதி ஒன்று, சோலார் மீட்டருக்கு இறக்குமதி (மின்வலையிலிருந்து எடுத்தது), ஏற்றுமதி (மின்வலைக்குக் கொடுத்தது) ஆகிய இரண்டு ரெஜிஸ்டர்களையும் பார்க்கும் விதி ஒன்று. இரண்டும் உள்ள மீட்டருக்கு இரண்டையும் கோர்த்துக்கொள்ளலாம். மரபுரிமையில் விடை கிடைக்காத உங்கள் கேள்வி இங்கே எழவே எழாது. முதல் மீறலிலேயே நின்றுவிடாமல் எல்லாவற்றையும் சேகரியுங்கள். களத்தில் மீட்டரைப் பார்க்கப் போகிறவருக்குக் காரணங்கள் மொத்தமாகத் தெரிய வேண்டும்.

விதிக்குள் கணினியின் கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ‘செய்தியின் நேரம் எதிர்காலத்தில் இருக்கக் கூடாது’ என்ற விதி தற்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால், அடுத்த வாரம் அதே செய்திகளை மறுபடி ஓட்டும்போது, அன்று நிராகரித்ததை இன்று ஏற்றுக்கொள்ளும். புரோக்கர் (செய்திகளைச் சேமிக்கும் காஃப்கா சர்வர்) செய்தியைப் பெற்ற நேரத்தை உள்ளீடாகக் கொடுத்து அதனோடு ஒப்பிடுங்கள். டாபிக்கை லாக் அப்பெண்ட் டைம் என்று அமைத்தால் அந்த நேரத்தைப் புரோக்கரே பதித்துவிடும்.

நிராகரித்த செய்தியுடன் அதன் மூல பைட்டுகள், டாபிக், பார்ட்டிஷன் (டாபிக்கின் ஒரு பிரிவு), ஆஃப்செட், மீறிய விதியின் பெயர், அந்த விதியின் பதிப்பு ஆகிய அனைத்தையும் வைத்து அனுப்புங்கள். இந்தக் கடைசி ஒன்றை யாரும் வைப்பதில்லை. விதி மாறிய பிறகு எவற்றை மறுபடி ஓட்ட வேண்டும் என்று தெரிவதற்கு அதைத் தவிர வேறு வழியில்லை.

கல்தச்சன் பதில்:

இவ்வளவு கிளாஸ்கள் எதற்கு? 2009இலிருந்தே பீன் வேலிடேஷன் இருக்கிறது. புலத்தின்மேல் ஓர் அனோடேஷன் போட்டால் போதும். ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியும் (செய்திகளின் வடிவ வரையறைகளை வைத்திருக்கும் சேவை) இருந்தால் பெரும்பாலான பிழைகள் அங்கேயே சிக்கிவிடும்.

நெய்தல் பதில்:

ஒற்றைப் புலத்தைப் பொறுத்தவரை உங்கள் கருத்தே சரி. ‘மீட்டர் எண் காலியாக இருக்கக் கூடாது’ என்பதற்கு நானும் தனிக் கிளாஸ் எழுத மாட்டேன். வேலிடேட்டரை ஒருமுறை மட்டும் உருவாக்கி எல்லா த்ரெட்களும் பகிர்ந்துகொள்ளும்படி வையுங்கள், செய்திக்கு ஒன்று என்று உருவாக்கினால் வேகம் படுத்துவிடும். ஆனால் ஸ்கீமா பார்ப்பது வடிவத்தை மட்டுமே. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2300 என்று வந்தாலும் அது எண்தான் என்பதால் ஆவ்ரோ (ஸ்கீமாவோடு தரவை எழுதும் வடிவம்) தடுக்காது.

ஸ்கீமாவிலேயே விழும் செய்திகளைப் பற்றியும் ஒன்று: டீசீரியலைசேஷனில் (பைட்டுகளைச் செய்தியாக மாற்றுவதில்) பிழை வந்தால் இயல்பான கையாளி பயன்பாட்டை நிறுத்தும், ‘லாக் எழுதிவிட்டுத் தொடர்’ என்ற மாற்றுக் கையாளி செய்தியைக் கைவிட்டுவிடும். பணம் சம்பந்தப்பட்ட ஓட்டத்துக்கு இரண்டுமே ஒத்துவராது. ஆகையால் நான் பைட்டுகளாகவே உள்ளே வாங்கி, பிரித்தறிவதையும் முதல் சரிபார்ப்புப் படியாகவே வைப்பேன். அதில் தோற்றாலும் கிடைப்பது ‘நிராகரிப்பு’ ரெக்கார்டுதான்.

ஊசல் பதில்:

மிக்க நன்றி. விதிகளைச் செய்தியிலிருந்து பிரித்துவிட்டோம். முந்தைய ரீடிங் விதிக்கு, மீட்டர் எண்ணைக் கீயாக வைத்து ஒரு ஸ்டேட் ஸ்டோரில் (பயன்பாடு தன் தரவை நினைவில் வைக்கும் சேமிப்பு) கடைசி ரீடிங்கைச் சேமித்தோம். ஆனால் சிக்னல் இல்லாத இடங்களில் மீட்டர் ரீடிங்குகளைத் தன்னுள் வைத்திருந்து பிறகு அனுப்புகிறது. 10:45 ரீடிங் வந்த பிறகு 10:15 ரீடிங் வந்தால், அது குறைவாக இருப்பதாகச் சொல்லி விதி நிராகரிக்கிறது. இதற்கு என்ன செய்வது?

வைகறை பதில்:

நீங்கள் ஒப்பிடுவது வந்துசேர்ந்த வரிசையில். ஒப்பிட வேண்டியது மீட்டரின் நேர வரிசையில். பார்ட்டிஷனுக்குள் காஃப்கா காப்பது, செய்திகள் எழுதப்பட்ட வரிசையை மட்டுமே.

3.5இலிருந்து வெர்ஷன்ட் ஸ்டேட் ஸ்டோர் இருக்கிறது. அதில் ஒரு கீக்குப் பல பதிவுகள் நேரத்தோடு நிற்கும்; ‘10:15 நிலவரப்படி என்ன மதிப்பு?’ என்று கேட்டால் அந்த நேரத்துக்கோ அதற்கு முன்போ உள்ள கடைசிப் பதிவைத் தரும். எழுதும்போது மீட்டரின் நேரத்தையே கொடுங்கள். வரலாற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று அமைக்கும்போது, உங்கள் மீட்டர் அதிகபட்சம் எத்தனை நாள் ரீடிங்கைத் தாங்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்தைத் தாண்டிய பதிவை ஸ்டோர் ஏற்றுக்கொள்ளாது. அதை ‘நிறுத்திவைப்பு’ ஆக்கிவிடலாம். 10:15 ரீடிங் 10:45 ரீடிங்கைவிடக் கூடவும் கூடாது என்று இருபுறமும் பார்க்க விரும்பினால், வெர்ஷன்ட் ஸ்டோரைவிட விண்டோ ஸ்டோர் வசதியானது. அதில் ஒரு கீக்கு இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்ட பதிவுகளை மொத்தமாக எடுக்கலாம்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை, ஸ்டோரை விதிக்குள் நுழைக்காதீர்கள். ப்ராசஸர் (ஒவ்வொரு செய்தியையும் கையாளும் படி) ஸ்டோரிலிருந்து அண்டை ரீடிங்குகளை எடுத்து, செய்தியோடு சேர்த்து ‘சூழல்’ என்ற ரெக்கார்டாக விதியிடம் கொடுக்கட்டும். அப்போது ரீடிங் விதியைக் காஃப்கா எதுவும் இல்லாமல் வெறும் யூனிட் டெஸ்ட்டிலேயே சோதித்துவிடலாம். ப்ராசஸருக்கு மட்டும் டோபாலஜி டெஸ்ட் டிரைவர் (காஃப்கா சர்வர் இல்லாமலே சோதிக்க உதவும் கருவி) போதும். சோலார் மீட்டருக்கு இந்த விதியை இறக்குமதி, ஏற்றுமதி ரெஜிஸ்டர்களின்மேல் தனித்தனியே ஓட்டுங்கள். இரண்டின் வித்தியாசத்தின்மேல் ஓட்டினால், நல்ல வெயில் அடிக்கும் மதியங்களில் எல்லாச் செய்தியும் நிராகரிப்புக்குப் போய்விடும்.