புதுப்பிப்பு: முப்பந்தல் காற்றாலைகளும் மாணவர் கருத்தும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வட்டாரத்துப் பழைய காற்றாலைகளை அகற்றிப் புதியவற்றை நிறுவுவது குறித்துக் கல்லூரி மாணவர்கள் எங்கே கருத்துச் சொல்லலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கிராம சபையில் பேசலாம் என்று நீங்கள் சொன்னபடியே, ஆகஸ்ட் 15 கூட்டத்தில், புதிய காற்றாலைகளின் பெரிய இறக்கைகளை ஏற்றிச் செல்லும் பாதையை ஊராட்சிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை மாணவர்களே முன்மொழிந்தனர். சிறு விவாதத்துக்குப் பின் அது நிறைவேறியது. வாக்காளர் பட்டியலில் இல்லாத பள்ளி மாணவர்கள் பார்வையாளர்களாகவே இருக்க நேர்ந்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

அரசின் காற்றாலைக் கொள்கையை மாற்றும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, மின் நிறுவனங்கள் அளிக்கும் மின்கட்டண மனுக்கள் மீது பொதுமக்கள் தெரிவிக்கும் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலித்தாக வேண்டும் என்பதாலும், அவற்றை எழுத்து மூலம் அனுப்பலாம் என்பதாலும், சென்னை செல்ல இயலாத நாகர்கோவில் மாணவர்களுக்கு அதுவே ஏற்ற வழி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெருகும் மின்சாரத்தை முழுமையாகக் கொள்முதல் செய்வது பற்றிய ஆலோசனையை இப்போது எழுதி வருகிறார்கள்.