புதுப்பிப்பு: ராக்கி மலைக்குப் பேருந்திலேயே போய் வந்துவிட்டோம்

அம்மா அப்பாவோடு கனடாவின் கல்கரியிலிருந்து பான்ஃப், ஜாஸ்பர், அப்புறம் சமவெளி ஊர்கள் என ஏழு நாள் பயணம். கார் எடுப்பதா, வழிகாட்டியோடு போகும் பேருந்தா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பேருந்தில்தான் போனோம்.

மொரெய்ன் ஏரி பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி. 2023 முதல் அங்கே சொந்த வாகனங்களை விடுவதில்லை. எங்கள் பேருந்து மட்டும் ஏரி வரை ஜம்மென்று போனது. லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பர் வரை சுமார் 230 கிலோமீட்டர். அப்பா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பெய்ட்டோ ஏரியைப் பார்த்து அம்மா, “சாயம் கலந்த மாதிரி இருக்கே” என்றார். பனியாறு அரைத்துத் தள்ளும் பாறைத்தூள் நீரில் மிதப்பதால் வரும் நிறமாம். அதாபாஸ்கா பனியாறு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று வழியெல்லாம் பலகை நட்டிருக்கிறார்கள். ஆண்டைப் படித்தபடி மேலே ஏற ஏற மனசு கனத்தது. ஜாஸ்பரில் 2024 ஜூலைக் காட்டுத்தீயின் தழும்பு இன்னும் தெரிகிறது.

சமவெளியில்தான் ஏமாற்றம். டிரம்ஹெல்லரில் ராயல் டிரெல் டைனோசர் அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்! நினைவுப்பொருள் கடைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் கார் எடுத்திருக்கலாம்.

முழங்கால் வலி பற்றிக் கேட்டவருக்கு: பேருந்துப் படி உயரம்தான், ஆனால் ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முக்காலி போட்டுக் கொடுத்தார்.