அடிட்டிவ்: சேர்பொருளா, சேர்மானமா?
(மலேசியத் தமிழ் மடலாடல்; எழுதியோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகின்றனர்.)

செந்தூல்:
அன்பர்களே, வணக்கம். காடி (கார்) பராமரிப்பு வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஞ்சின் எண்ணெய்ப் பாடத்தில் ஒரு சொல்லில் நிற்கிறோம்: அடிட்டிவ் (additive), அதாவது எண்ணெயின் குணத்தை மேம்படுத்த அதில் கலக்கும் பொருள். வரைவில் ‘சேர்க்கைப் பொருள்’ என்று இருக்கிறது. ‘நல்ல எண்ணெயில் சேர்க்கைப் பொருள் இருக்கும்’ என்று படிக்கும் மாணவன், கடையில் தனிப் புட்டி வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வான். பாடம் சொல்வதோ நேர்மாறு. தேய்மானம் தடுக்கும் துத்தநாகக் கூட்டு, அழுக்கை அகற்றும் கால்சியம் உப்பு, கரித்துகளைப் படியவிடாமல் மிதக்க வைக்கும் பொருள், நுரையடக்கி எல்லாம் ஆலையிலேயே அளந்து கலந்துதான் வருகின்றன. வேறு சொல் தாருங்கள்.

ஜெலுத்தோங்:
ஐயா, ‘சேர்பொருள்’ போதும். ஊறுகாய் போல வினைத்தொகை, ஐந்தே எழுத்து. கூடவே ‘எஞ்சின் எண்ணெய்’ என்பதையும் திருத்துங்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய். நிலத்தடியிலிருந்து எடுத்ததில் எள் ஏது? ‘உயவுநெய்’ என்க. சங்கப் பாட்டில் உயவு என்றால் வருத்தம், தளர்ச்சி. இரும்பின் வருத்தம் தீர்க்கும் நெய் அது. இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, தேங்காய் எண்ணெய் என்று சொல்லத் தொடங்கிய நாளிலேயே எள்ளை விட்டுவிட்டோம். பட்டறையில் ‘மிஞாக் ஹித்தாம்’ (மலாயில் கறுப்பு எண்ணெய், அதாவது எஞ்சின் எண்ணெய்) என்று கேட்கும் பையனிடம் உயவுநெய்யை நீட்ட முடியாது.

சேர்பொருளில் எனக்குள்ள தடை இலக்கணத்திலேயே இருக்கிறது. வினைத்தொகை காலத்தைக் கரந்துவிடும். சேர்ந்த பொருளா, இனிச் சேரும் பொருளா? பாடம் கற்பிக்க வேண்டியதே அந்த வேறுபாட்டைத்தான். 3.5 லிட்டர் கொள்ளும் எஞ்சினில், அளவு சரியாக இருக்கும்போது 300 மில்லி புட்டி ஒன்றை மேலே ஊற்றினால், எண்ணெய் அளவுகோலின் மேல்கோட்டைத் தாண்டக்கூடும். மிகவும் ஏறினால் எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இறைத்தால் அழுத்தம் விழும். துத்தநாகக் கூட்டில் பாஸ்பரஸ் உண்டு. எண்ணெய் எரியும்போது அது புகைக்குழாய்க்குப் போய், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கியைக் கெடுக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்பி தரத்து 5டபிள்யூ-30 (எண்ணெயின் தடிமனைக் குறிக்கும் எண்) எண்ணெயில் பாஸ்பரஸை 0.06 முதல் 0.08 விழுக்காட்டுக்குள் நிறுத்தியிருப்பது அதனால்தான். கால்சியம் கூடினாலும் ஆபத்து: பெட்ரோலை நேரே அறைக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சினில், குறைந்த சுழற்சியில் முன்கூட்டியே எரிந்து பிஸ்டன் உடையலாம். 2020இல் வந்த எஸ்பி தரத்தில் அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். ஆலையில் கலந்தது ‘உள்சேர்மானம்’, புட்டியில் விற்பது ‘மேல்சேர்மானம்’. சூரணத்தில் என்ன சேர்மானம் என்று கேட்கிறோமே, அதே சொல்.

ஜெலுத்தோங்:
‘மானம்’ வடசொல். இரண்டு சொல் வேண்டுமென்றால் உட்சேர்பொருள், மேற்சேர்பொருள் என்று வையுங்கள். ள், ல் திரியாமல் எழுதுவதும் பிழை.

பிறை:
வருமானம், கட்டுமானம் எல்லாம் தமிழ் வினையில் ஏறிய ஈறு, ஐயா. வரைவில் ‘தேய்மானம்’ இருக்கிறது. அதை நீங்களும் தடுக்கவில்லை. தேய்மானம் தடுக்கும் சேர்மானம் என்றால் இயைபும் அமைகிறது, மாணவன் மறக்க மாட்டான்.

பட்டறை வழக்கில் ‘மருந்து’ என்றே வைக்கலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம். பிஸ்டன் வளையம் தேய்ந்து நீலப்புகை விடும் எஞ்சினுக்கு எந்தப் புட்டியும் மருந்தாகாது. எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் புட்டி சில வாரம் புகையை மறைக்கும்; வளையம் தேய்ந்தபடியேதான் இருக்கும். மருந்து என்று அச்சிட்டால் அந்தப் பொய்யை நாமே எழுதியதாகும்.

செந்தூல்:
நன்றி. சேர்மானம் பக்கம் ஐவர், சேர்பொருள் பக்கம் இருவர். புணர்ச்சித் திருத்தத்தை ஏற்று ‘உட்சேர்மானம்’, ‘மேற்சேர்மானம்’ என்று அச்சிடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடிட்டிவ் என்று அருகில் இருக்கும். ‘எஞ்சின் எண்ணெய்’ அப்படியே. அடுத்தது விஸ்காசிட்டி, அதாவது எண்ணெய் ஓட்டத்துக்குக் காட்டும் தடை: பாகுநிலையா, பிசுக்குமையா? நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். உயவு பற்றித் தனி மடல் எழுதுகிறேன். பாகு என்பது வெல்லத்துக்கு உரியது. அதையும் அவசரப்பட்டு அச்சிட வேண்டாம்.