மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா?

கோத்தகிரி வாசகி (ஜூன் 2021):

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 54. இடது மார்பில் ஒரு கட்டி இருப்பது குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லாததால் அதைப் பொருட்படுத்தாமல், தேயிலை பறிப்பு மும்முரமாக இருந்த நாட்களை அப்படியே கடத்திவிட்டார். ஏப்ரலில் கோவையில் எடுத்த பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டு எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை. ஈ.ஆர்., பி.ஆர். (கட்டியில் உள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள்) இரண்டும் பாசிட்டிவ், ஹெர்-2 (கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) நெகட்டிவ் என்று அறிக்கை சொல்கிறது.

மே மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கொரோனா நோயாளிகளுக்கே படுக்கையும் ஆக்சிஜனும் போதவில்லை என்று அதைத் தள்ளிவைத்துவிட்டு, லெட்ரோசோல் மாத்திரையைத் தினமும் ஒன்று சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தங்களைக் கைகழுவி விட்டார்கள் என்றே அக்காவும் அத்தானும் நம்புகிறார்கள். இது உண்மையான சிகிச்சையா, அல்லது வெறும் ஆறுதலுக்குக் கொடுத்ததா? நகையை அடகு வைத்தாவது வேறு தனியார் மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டுமா? பேருந்தும் ஓடவில்லை, கோவையில் தொற்று இருக்கும் நிலையில் கீழே இறங்கவே அஞ்சுகிறோம்.

புற்றுநோய் அறுவை மருத்துவர், கோவை:

சகோதரிக்கு வணக்கம். தங்கள் அக்காவை நான் நேரில் பார்க்காததால், அறிக்கையைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். லெட்ரோசோல் ஆறுதல் மாத்திரை அன்று. ஈ.ஆர். பாசிட்டிவ் வகைக் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொண்டே வளர்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் அந்த ஹார்மோன் உருவாவதை இந்த மாத்திரை தடுப்பதால், கட்டியின் வளர்ச்சி அடங்கும். பலருக்கு அது சுருங்கவும் செய்யும். அறுவைக்கு முன்னால் இதைக் கொடுக்கும் வழக்கம் கொரோனாவுக்கு முன்பே இருந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மார்பக அறுவை வல்லுநர்கள் வெளியிட்ட பரிந்துரையும், தொடக்க நிலையில் உள்ள இவ்வகை நோயாளிகளுக்கு மாத்திரையைத் தொடங்கிவிட்டு அறுவையைச் சில மாதங்கள் தள்ளலாம் என்றே கூறியது.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. ஹெர்-2 பாசிட்டிவாகவோ, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவாகவோ இருந்திருந்தால் மாத்திரையோடு காத்திருக்கச் சொல்ல முடியாது. கீமோவையோ அறுவையையோ உடனே தொடங்கியாக வேண்டும். ஆகவே பக்கத்து ஊரில் ஒருவருக்கு உடனே அறுவை செய்தார்கள், நமக்கு ஏன் செய்யவில்லை என்று ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டாம். ஒரு செய்தி மட்டும் உறுதியாகத் தெரிய வேண்டும்: அக்காவுக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்டதா? நிற்கவில்லை என்றால் லெட்ரோசோல் மட்டும் போதாது. டமாக்சிஃபென் போன்ற வேறு மருந்தைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

மூட்டுவலியும் திடீர் உடற்சூடும் இந்த மாத்திரையால் வரக்கூடும். மலைக்குளிரால் வந்த வலி என்று எண்ணி வாளாவிருப்பதும் தவறு, பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

கூடலூர் மகன்:

என் அம்மாவுக்கு ஹெர்-2 பாசிட்டிவ். கீமோவும், 21 நாளுக்கு ஒருமுறை ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் இந்த ஊரடங்கிலும் தொடர்கின்றன. எங்கள் அனுபவத்தில் மிகவும் உதவியது ஒரு சிறிய ஏற்பாடு. கீமோ நாளுக்கு முன்தினம் இங்கேயே ரத்தம் எடுத்து, அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்பிவிடுவோம். வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருக்கின்றன, வரலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டி பேசுவோம். முன்பெல்லாம் அத்தனை தூரம் போய், அணுக்கள் குறைவு என்று திரும்பி வந்ததுண்டு. சிகிச்சைக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையிலும் மற்றொன்றை ஓட்டுநரிடமும் வைத்திருப்பதால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேர்வதில்லை.

கீமோ எடுப்பவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், கொரோனா முடிவு வரட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். அம்மாவுக்கு அப்படிக் காய்ச்சல் வந்தபோது, அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் வெளி வராந்தாவில் நெடுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். கீமோ மருத்துவரே தொலைபேசியில் பேசி, வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது என்று விளக்கிய பிறகுதான் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். அந்த மாலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஓய்வு பெற்ற செவிலியர், குன்னூர்:

மருத்துவர் ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆயினும், "நிலைமை சீரானதும் சொல்கிறோம்" என்ற பதிலோடு நீங்கள் வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறுவை நான்கு வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது என்று 2020 நவம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மாத்திரையோடு காத்திருப்பது அதிலிருந்து வேறுபட்டது என்றாலும், அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று யாராவது அளந்து பார்க்க வேண்டாமா? அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில், கட்டி வளர்ந்திருந்தால் உடனே என்ன செய்வார்கள், யாரைத் தொலைபேசியில் அழைப்பது ஆகியவற்றை மருத்துவரின் கையெழுத்தோடு சீட்டில் எழுதி வாங்குங்கள். தோல் சிவந்தாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, அக்குளில் புதிதாக நெறி கட்டினாலோ ஸ்கேன் தேதி வரை பொறுக்க வேண்டாம்.

நகையை இப்போதே அடகு வைக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அக்கா தடுப்பூசி போடவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வலது கையில் போடச் சொல்லுங்கள். நோய் இருக்கும் பக்கத்தில் போட்டால் அக்குளில் நெறி கட்டி, ஸ்கேனில் குழப்பம் வரலாம்.

எனக்கு அதிகக் கவலை, மருத்துவமனைப் படியையே மிதிக்காத பெண்களைப் பற்றித்தான். 2020 மார்ச் முதல் மே வரை இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிந்த நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட 54 விழுக்காடு குறைவு. நோய் குறையவில்லை, வருகைதான் குறைந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளில் கட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஊரடங்கு முடியட்டும் என்றிருப்பவர்களிடம், உங்கள் அக்காவின் கதையைச் சொல்லி அழைத்து வாருங்கள்.

கோத்தகிரி வாசகி:

அனைவருக்கும் நன்றி. அக்காவுக்கு மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. இன்று மருத்துவரிடம் பேசினோம். ஜூலை இறுதியில் ஸ்கேன், கட்டி வளர்ந்திருந்தால் அந்த வாரமே அறுவை என்று எழுதி அனுப்பியிருக்கிறார். சீட்டைப் படித்துக் காட்டிய பிறகு அத்தான் இரவுச் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒரு சந்தேகம்: அறுவைக்குப் பின் கதிர்வீச்சு வேண்டியிருந்தால் கோவையிலேயே வாரக்கணக்கில் தங்க வேண்டுமா?

புற்றுநோய் அறுவை மருத்துவர், கோவை:

முன்போல இருக்காது. பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு, மூன்று வாரத்தில் 15 முறை கொடுப்பதற்கு இணையான பலன் ஒரே வாரத்தில் 5 முறை கொடுப்பதிலும் கிடைப்பதை 2020 ஏப்ரலில் காட்டியது. அக்குள் பகுதிக்கும் கதிர் தேவைப்பட்டால் 15 முறை என்றே பலர் முடிவு செய்வார்கள். அறுவைக்குப் பிந்தைய பயாப்சி அறிக்கை வந்ததும், ஐந்து நாள் முறை அக்காவுக்குப் பொருந்துமா என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். மலையிலிருந்து வருவதையும், தங்க இடம் இல்லை என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.